நீங்காத நீர்க்கடுப்பு: காரணம் அறிந்து சிகிச்சை பெறுதல்

நீர்க்கடுப்பு நம் நாட்டில் எல்லோரும் அறிந்த தொல்லை. வெயிலில் நெடுநேரம் உழைத்தவர்க்கும், போதிய நீர் பருகாதவர்க்கும் அது வருவதுண்டு. மோரும் இளநீரும் பருகி ஓய்வு கொண்டால் பெரும்பாலும் நீங்கிவிடும். இதனால், சிறுநீர் பற்றிய தொல்லை எதுவாயினும் அது 'உடற்சூட்டினால்' வந்ததே என்ற எண்ணம் மக்களிடையே ஆழப் பதிந்திருக்கிறது. இரண்டொரு நாளில் மறையும் தொல்லைக்கு இந்த எண்ணத்தால் பெருந்தீங்கு விளைவதில்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் தொல்லைக்கும், நீங்கியது போல் நீங்கி மீண்டும் வரும் தொல்லைக்கும் இதே விளக்கத்தைக் கூறிக்கொண்டிருந்தால், ஒரு சிறுநீரகத்தையே இழக்க நேரிடலாம்.

சிறுநீர்த் தொல்லையைப் பற்றிப் பிறரிடம் பேச மக்கள் கூசுகின்றனர்; பெண்கள் இன்னும் மிகுதியாகக் கூசுகின்றனர். முதலில் அவர்கள் மனம் திறந்து பேசுவது, தம் ஊரில் பழகும் களப்பணியாளரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ தான். ஆகவே இத்துறையில் சில அடிப்படை உண்மைகளை இவ்விரு சாராரும் அறிந்திருத்தல் நலம். நோயைக் கண்டறிவது மருத்துவரின் கடமை. உரிய காலத்தில் உரிய இடத்திற்கு வழிகாட்டுவது நம்மால் இயலும்.

ஓர் எடுத்துக்காட்டு

முப்பத்தைந்து வயதுள்ள ஓர் ஆசிரியையை எண்ணிக்கொள்வோம். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல். இரவில் நான்கைந்து முறை எழவேண்டியிருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு ஐந்து நாள் மாத்திரை உண்கிறார். சிறிது குறைகிறது. அடுத்த மாதம் மீண்டும் அதே தொல்லை. ஒரு மருத்துவரிடம் செல்கிறார். சிறுநீரில் சீழணுக்கள் இருப்பதாகப் பரிசோதனை கூறுகிறது. வேறொரு மருந்து தரப்படுகிறது. மூன்றாம் முறை, கிருமி வளர்ப்புச் சோதனை செய்யப்படுகிறது. 'கிருமி எதுவும் வளரவில்லை' என்று அறிக்கை வருகிறது. அப்படியாயின் நோய் இல்லை, எல்லாம் மனக்கவலையே என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். அவர் எடை குறைகிறது. மாலையில் சற்றே காய்ச்சல் தோன்றுகிறது. ஒன்றரை ஆண்டு கழித்து எடுத்த மீயொலிப் படத்தில், ஒரு சிறுநீரகம் வீங்கிச் செயல் குன்றியிருப்பது தெரியவருகிறது.

இஃது எந்தத் தனி மனிதரின் வரலாறும் அன்று. நீடித்த சிறுநீர்த் தொல்லை உள்ளவர்கள் செல்லும் வழியை விளக்க அமைத்த எடுத்துக்காட்டே. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு படியும் நம் நாட்டு மருத்துவமனைகளில் காணக்கூடியதே. இதில் தவறு எங்கே நிகழ்ந்தது? மருந்து மூன்று முறை மாறியது, 'காரணம் என்ன?' என்ற கேள்வி மட்டும் ஒரு முறையும் முழுமையாகக் கேட்கப்படவில்லை.

உறுப்புகளும் அவற்றின் வேலையும்

முதுகெலும்பின் இருபுறமும், விலா எலும்புகளின் அடிப்பகுதியை ஒட்டி, அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிப்பான்கள் இருக்கின்றன. இவை ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியை உடல் மீண்டும் ஏற்றுக்கொள்கிறது. எஞ்சிய ஒன்று அல்லது இரண்டு லிட்டரே சிறுநீராகிறது.

இந்தச் சிறுநீர், சிறுநீர் நாளங்கள் எனப்படும் இரண்டு மெல்லிய குழாய்களின் வழியே சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. ஒவ்வொரு நாளமும் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ளது. சிறுநீர்ப்பை தசையாலான பை; 400 அல்லது 500 மில்லிலிட்டர் வரை தாங்கும். அதிலிருந்து வெளியே செல்லும் பாதையைப் புறவழி என்பர். பெண்களுக்கு இதன் நீளம் சுமார் 4 சென்டிமீட்டரே; ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். வெளியிலிருந்து கிருமிகள் சிறுநீர்ப்பையை அடைவது பெண்களுக்கு எளிதாக இருப்பதற்கு இந்தக் குறுகிய வழியே முக்கியமான காரணம். ஆதலால் பெண்களுக்கு இத்தொல்லை வருவது ஒழுக்கக் குறைவையோ தூய்மைக் குறைவையோ காட்டுவதாக எண்ணுவது தவறு.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில், புறவழியைச் சுற்றிப் புராஸ்டேட் சுரப்பி அமைந்துள்ளது. வயது முதிர முதிர இது பருப்பது வழக்கம்.

ஒரே அறிகுறி, பல காரணங்கள்

சிறுநீர்ப்பைக்குத் தன் துன்பத்தை வெளியிடத் தெரிந்த வழிகள் சிலவே. எரிச்சல், அடிக்கடி நீர் கழிக்க வேண்டிய நிலை, அடக்க முடியாத அவசரம், அடிவயிற்று வலி, இரத்தம் கலத்தல் ஆகியவையே அவை. காரணம் எதுவாயினும் இவற்றுள் ஒன்றோ சிலவோ தோன்றும். ஒரே கதவை யார் தட்டினாலும் ஓசை ஏறத்தாழ ஒன்றாகவே கேட்பது போன்றது இது. தட்டியவர் யார் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

மிகுதியாகக் காணப்படும் காரணம், குடலில் வாழும் ஈ. கோலை என்னும் நுண்ணுயிர் சிறுநீர்ப்பையில் புகுந்து பெருகுவது. தக்க மருந்தினால் இது சில நாட்களில் குணமாகும். ஆயினும் ஆறு மாதத்தில் இரண்டு முறையோ ஓராண்டில் மூன்று முறையோ இவ்வாறு நேர்ந்தால், அது திரும்பத் திரும்ப வருவதன் காரணத்தைத் தேட வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கு, புராஸ்டேட் சுரப்பி பருத்து வழியை நெருக்குவதனால் நீரோட்டம் மெலிந்து, இரவில் பலமுறை எழ நேரிடும். சிறுநீர்க் கல் உள்ளவர்களுக்கு முதுகின் பக்கவாட்டிலிருந்து அடிவயிற்றுக்குப் பரவும் கடும் வலி உண்டாகும். நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் மிகுந்த அளவு நீர் கழிப்பர். கிருமித் தொற்றும் அவர்களை எளிதில் பற்றும். கிருமியோ கல்லோ எதுவும் இல்லாமலே, சிறுநீர்ப்பைத் தசை காலத்திற்கு முன் சுருங்குவதனாலோ, இடுப்புத் தசைகளின் இறுக்கத்தாலோ துன்புறுவோரும் உளர். இவர்களுடைய துன்பமும் உண்மையானதே, கற்பனையன்று.

வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் தோன்றுவதைத் தனியே குறிப்பிட வேண்டும். அது ஒரே ஒரு முறை தோன்றித் தானே நின்றுவிட்டாலும் புறக்கணித்தல் ஆகாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுவே. பீடி, சிகரெட்டுப் புகைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

சீழ் உண்டு, கிருமி இல்லை

நம் எடுத்துக்காட்டில் கூறிய ஆசிரியையின் அறிக்கைக்குத் திரும்புவோம். சீழணுக்கள் என்பவை இரத்தத்தின் வெள்ளணுக்களே. உடலில் எங்கேனும் பகை புகுந்தால் அதனை எதிர்க்க இவை திரளுகின்றன. இவை சிறுநீரில் மிகுதியாக இருப்பின், சிறுநீர் உறுப்புகளில் எங்கோ போராட்டம் நடைபெறுகிறது என்பது பொருள். அவ்வாறிருக்க, வளர்ப்புச் சோதனையில் கிருமி வளராதது ஏன்?

ஈ. கோலை போன்ற நுண்ணுயிர்கள் தக்க சூழலில் 20 நிமிடத்திற்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகின்றன. ஒரே இரவில் அவை கண்ணுக்குத் தெரியும் அளவு பெருகிவிடும். ஆதலால் பரிசோதனைச் சாலைகளில் வழக்கமான வளர்ப்புத் தட்டுகளை 24 முதல் 48 மணி நேரம் வரை வைத்திருந்து முடிவு கூறுகின்றனர். காசநோய்க் கிருமியோ ஒரு முறை பிரிவதற்கு ஏறத்தாழ 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்குத் தனி உணவூட்டமும் வேண்டும். இரண்டு நாளில் முடியும் சோதனையில் அஃது அகப்படுவதில்லை. 'கிருமி வளரவில்லை' என்ற அறிக்கை பொய்யன்று. அந்தச் சோதனையில் வளரக்கூடிய கிருமி இல்லை என்பதே அதன் முழுப் பொருள்.

சீழணுக்கள் இருந்து கிருமி வளராத நிலை ஒவ்வொன்றும் காசநோய் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. சோதனைக்கு முன்பே ஆன்டிபயாடிக் மருந்து உண்டிருத்தல், கல், கட்டி, பால்வினைத் தொற்று, மாதிரியைச் சரிவரச் சேகரிக்காமை ஆகியவற்றாலும் இவ்வாறு நேரலாம். எனினும் காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், இவ்வறிக்கை திரும்பத் திரும்ப வருமாயின் அந்நோயை நினைவில் கொள்ளாமல் இருப்பது பிழையாகும்.

காசநோய் சிறுநீரகத்தை அடையும் விதம்

காசநோய் என்றவுடன் இருமலும் நுரையீரலும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. இராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1882 மார்ச் 24 அன்று இந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அக்கிருமி உடலின் எந்த உறுப்பையும் பற்றக்கூடும். மூச்சுக் காற்றின் வழியே நுரையீரலில் புகும் கிருமிகளுள் சில, இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் புறப்பகுதியை அடைகின்றன. அங்கே உடலின் எதிர்ப்பாற்றலால் அடக்கப்பட்டு, பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கலாம். நீரிழிவு, ஊட்டக் குறைவு, எச்.ஐ.வி. தொற்று, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் முதலியவற்றால் உடல் நலியும்போது அவை விழித்துப் பெருகுகின்றன.

சிறுநீரகத் திசுவை அரித்த பின், கிருமிகள் சிறுநீருடன் கீழிறங்கி நாளங்களையும் சிறுநீர்ப்பையையும் தாக்குகின்றன. சிறுநீர்ப்பை புண்பட்ட பிறகே பெரும்பாலும் எரிச்சலும் அவசரமும் தோன்றுகின்றன. புண் ஆறுமிடத்தில் தழும்பு உண்டாகிறது. குறுகிய நாளத்தில் தழும்பு ஏற்பட்டால் வழி அடைபட்டு, மேலே தேங்கும் நீரின் அழுத்தத்தால் சிறுநீரகம் வீங்கி அழிகிறது. சிறுநீர்ப்பை தழும்பேறிச் சுருங்கினால் சிறிதளவு நீரையே தாங்கும். நோயாளி அரை மணிக்கு ஒரு முறை எழவேண்டியவராகிறார். ஆண்களுக்கு விரைமேல் நாளத்தில் வலியற்ற வீக்கமும், பெண்களுக்குக் கருக்குழாய் அடைபட்டு மகப்பேறின்மையும் இந்நோயால் உண்டாவதுண்டு.

சிறுநீர்த் தொல்லையைத் தவிர வேறு அறிகுறிகள் சிலருக்கு இருக்கும், சிலருக்கு இரா. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல், முன்பு காசநோய்க்குச் சிகிச்சை பெற்றமை, வீட்டில் ஒருவருக்கு அந்நோய் இருந்தமை ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். இருமல் இல்லை என்பதனால் காசநோய் இல்லை என்று கருதலாகாது.

கண்டறியும் முறைகள்

இக்கிருமிகள் சிறுநீரில் தொடர்ச்சியாக வெளிப்படுவதில்லை. ஒரு நாள் வரும், மறுநாள் வராது. எனவே அதிகாலையில் கழிக்கும் முதல் சிறுநீரை மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை தொடர்ந்து சேகரித்துப் பரிசோதிப்பது மரபு. ஒரு முறை கொடுத்ததே போதும் என்று நோயாளிகள் சலித்துக்கொள்வர். இதன் காரணத்தைக் களப்பணியாளர் எடுத்துரைத்தல் வேண்டும்.

சாயமேற்றி உருப்பெருக்கியில் பார்ப்பதை மட்டும் சிறுநீரைப் பொறுத்தவரை நம்புவதற்கில்லை. காசநோய்க் கிருமியைப் போலவே சாயம் ஏற்கும், தீங்கற்ற வேறு நுண்ணுயிர்களும் அங்கே இருக்கக்கூடும். வளர்ப்புச் சோதனை உறுதியானது. ஆனால் திட ஊடகத்தில் எட்டு வாரங்கள் வரையும், திரவ ஊடகத்தில் ஆறு வாரங்கள் வரையும் காத்திருக்க நேரிடும். கிருமியின் மரபுப் பொருளைக் கண்டறியும் சிபிநாட், ட்ரூநாட் என்னும் சோதனைகள் சில மணி நேரத்தில் முடிவைத் தருகின்றன. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினை எதிர்க்கும் ஆற்றல் அக்கிருமிக்கு உண்டா என்பதையும் தெரிவிக்கின்றன. இவற்றின் முடிவு 'இல்லை' என்று வந்தாலும் நோய் இல்லை என்பது உறுதியாகாது. மீயொலிப் படம், சி.டி. படம், மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றையும், தேவையானால் சிறுநீர்ப்பைக்குள் குழல் நோக்கி செலுத்தி எடுக்கும் சிறு திசுவின் ஆய்வையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு ஒடுக்கும் தன்மையுடையவை. ஆதலால் அவற்றை உண்டவுடன் நோயாளிக்குச் சற்றே நலம் தோன்றும், நோயோ அழிவதில்லை. கண்டறிதல் தாமதமாகும், மருந்தை எதிர்க்கும் கிருமிகளும் தோன்றலாம். மருந்துச் சீட்டின்றிக் கடையில் மாத்திரை வாங்கி உண்பதன் தீங்கு இதிலிருந்து விளங்கும்.

சிகிச்சை

1943-ஆம் ஆண்டில் ஸ்ட்ரெப்டோமைசின் பிரித்தெடுக்கப்படும் வரை, காசநோயைக் கொல்லும் ஆற்றல்மிக்க மருந்து இல்லை. சிறுநீரகம் கெட்டால் அதனை அறுத்து நீக்குவதே பெரும்பாலும் வழியாக இருந்தது. இன்று ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கு மருந்துகள் முதல் இரண்டு மாதங்களும், அவற்றுள் பைராசினமைடு நீங்கிய மூன்று மருந்துகள் பின் நான்கு மாதங்களும் தரப்படுகின்றன. சிலருக்கு மருத்துவர் இக்காலத்தை நீட்டிப்பார். சிறுநீரகம் செயல் குன்றியிருந்தால் சில மருந்துகளின் அளவும் இடைவெளியும் மாற்றப்படும்.

இச்சிகிச்சைக்காக மாதக்கணக்கில் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. இவ்வுண்மையை உலகுக்கு நிறுவிய ஆய்வுகளுள் முதன்மையானது சென்னையில் நடைபெற்றதாகும். 1956-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நுரையீரல் காசநோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு அவர்களுடைய வீட்டிலும், மற்றொரு பகுதியினருக்குக் காசநோய் விடுதியிலும் ஒரே மருந்துகளை அளித்து ஒப்பிட்டது. வறுமையும் நெருக்கமும் மிக்க வீடுகளிலும் மருந்து ஒழுங்காக உண்டவர்கள் விடுதியில் இருந்தவர்களைப் போலவே நலமடைந்தனர் என்பதை 1959-இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. அந்நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசம். நுரையீரலுக்கு வெளியே உண்டாகும் காசநோய்க்கும் இது பொருந்தும். சிகிச்சைக் காலத்தில் ஊட்ட உணவுக்கென மாதந்தோறும் தரப்படும் உதவித் தொகை 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

மருந்து உண்ணும் காலத்தில் அறிய வேண்டியவை

ரிஃபாம்பிசின் உண்பவர்களின் சிறுநீர் ஆரஞ்சு நிறம் பெறும். கண்ணீரும் வியர்வையும்கூட நிறம் மாறலாம். முன்பு சிறுநீரில் இரத்தம் கண்டு அஞ்சியவர்கள் இதனையும் இரத்தம் என்று எண்ணி, மருந்தை நிறுத்திவிடக்கூடும். இதில் தீங்கில்லை என்று முதல் நாளே கூறிவிட வேண்டும்.

கண்ணும் தோலும் மஞ்சளித்தல், ஓயாத வாந்தி, பார்வை மங்குதல், நிறங்களை வேறுபடுத்தி அறிய இயலாமை ஆகியவை தோன்றினால், தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். கருத்தடை மாத்திரையின் பயனை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். அதனை உண்ணும் பெண்கள் வேறு முறை பற்றி மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

எரிச்சலும் காய்ச்சலும் சில வாரங்களில் தணியலாம். நோய் தீர்ந்ததென்று அப்போது மருந்தை நிறுத்துவது பெருந்தவறு. இன்னொன்றும் உண்டு. மருந்தினால் புண் ஆறும்போதே தழும்பு இறுகி நாளத்தை அடைக்கக்கூடும். நோயாளி நலமாக உணர்கையிலேயே சிறுநீரகம் மெல்ல வீங்கலாம். ஆகவே சிகிச்சைக் காலத்திலும் அதன் பின்னரும் மருத்துவர் கூறும் நாட்களில் மீயொலிப் படம் எடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது. அடைப்பு ஏற்படுவதை உரிய காலத்தில் கண்டால், நாளத்தினுள் மெல்லிய குழலொன்றை வைத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற இயலும்.

அன்றாடத் துன்பத்தைத் தணித்தல்

காரணம் தெரியும் வரையிலும், சிகிச்சை பலன் தரும் வரையிலும் நோயாளி தம் வேலையைச் செய்தாக வேண்டும். அடிக்கடி எழ நேரிடும் என்று அஞ்சி நீர் பருகுவதையே பலர் குறைத்துக்கொள்கின்றனர். சிறுநீர் செறிவு மிகுந்து எரிச்சல் கூடுவதே இதன் விளைவு. பகலில் போதிய அளவு பருகி, உறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன் குறைத்துக்கொள்வது நன்று. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் விதித்த அளவைப் பின்பற்ற வேண்டும். காப்பியும் தேநீரும் சிலருக்கு அவசரத்தை மிகுவிக்கும். சில நாள் குறைத்துப் பார்த்து அறியலாம்.

மூன்று நாள் குறிப்பேடு ஒன்று எழுதுவது மிகவும் பயன்தரும். எழுந்த நேரம், ஒவ்வொரு முறையும் கழித்த நீரின் அளவு, எரிச்சல் அல்லது இரத்தம் இருந்ததா என்ற குறிப்பு, பருகிய நீரின் அளவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அளவுக் குவளை ஒன்று போதும். அடிக்கடி சிறிதளவு கழிப்பவருக்கும், அடிக்கடி பேரளவு கழிப்பவருக்கும் காரணம் வேறு வேறாகும். 'பல முறை போகிறேன்' என்ற சொல்லைவிட இந்த ஏடு மருத்துவருக்குத் தெளிவாகப் பேசும்.

மருத்துவரிடம் செல்லும் முறை

நீடித்த நோயுள்ளவர்கள் ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம் செல்லும்போது, பழைய சீட்டுகளை வீட்டில் விட்டுச் செல்வதே வழக்கம். புதியவர் முதலிலிருந்து தொடங்குகிறார். அதே மருந்து மீண்டும் தரப்படுகிறது. ஆகவே உண்ட மருந்துகளின் பெயர், உண்ட நாட்கள், அப்போது கண்ட பலன், எல்லா அறிக்கைகள் ஆகியவற்றை நாள்வாரியாக அடுக்கி எடுத்துச் செல்ல வேண்டும். வளர்ப்புச் சோதனைக்கான சிறுநீரை, இயன்றவரை ஆன்டிபயாடிக் உண்பதற்கு முன்பே கொடுக்க வேண்டும். முதலில் வரும் சிறிதளவை விட்டு, இடையில் வருவதைத் தூய கலத்தில் பிடித்துத் தாமதமின்றிக் கொடுத்தல் வேண்டும்.

மருத்துவரிடம் பணிவுடன் கேட்கத் தக்க கேள்விகள் மூன்று. இத்தொல்லைக்குக் காரணம் எதுவாக இருக்கலாம்? அதனை உறுதி செய்ய எந்தச் சோதனை தேவை? இம்மருந்தால் குணமாகாவிடின் அடுத்து என்ன செய்ய வேண்டும்? இக்கேள்விகளை நல்ல மருத்துவர் எவரும் குறையாகக் கொள்ளமாட்டார்.

சில நிலைகளில் குறிப்பேடு எழுதிக் காத்திருத்தல் ஆகாது. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும் விலாப்புற வலியும், நீர் முற்றிலும் வெளியேறாமை, இரத்தக் கட்டிகள் வெளிப்படுதல் ஆகியவற்றிற்கு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவுற்ற பெண்ணுக்குக் காய்ச்சலோடு நீர்க்கடுப்பு இருப்பின் அதுவும் இத்தகையதே. காய்ச்சல் இல்லாவிடினும் அவர் தாமதமின்றிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நம் கடமை

களப்பணியாளர் வீடுதோறும் செல்கையில், இருமலைப் பற்றிக் கேட்பதோடு சிறுநீர்த் தொல்லையைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம். இரண்டு முறை மருந்து உண்டும் தொல்லை திரும்பினால், மூன்றாம் முறை மருந்துக் கடைக்கு அனுப்பாமல் அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுதல் வேண்டும். அவ்வீட்டில் எவரேனும் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றவராயின் அதனைக் குறிப்பிட்டு அனுப்புவது சாலச் சிறந்தது. சிறுநீரகக் காசநோய் மட்டும் உள்ளவரிடமிருந்து அது மூச்சுக் காற்றால் பரவுவதில்லை. அவரை ஒதுக்கிவைக்கக் காரணமே இல்லை. நுரையீரலிலும் நோய் உள்ளதா என்று பார்த்து உறுதி செய்துகொள்வதே முறை.

ஆசிரியர்களின் கடமை வகுப்பறையிலேயே தொடங்குகிறது. அடிக்கடி வெளியே செல்ல அனுமதி கேட்கும் மாணவனை, பாடத்திற்கு அஞ்சி ஓடுபவன் என்று முடிவு செய்வதற்கு முன் விசாரிக்க வேண்டும். பெண் பிள்ளைகளும் ஆசிரியைகளும், பயன்படுத்தத் தக்க கழிப்பறை இல்லாததனால் காலை முதல் மாலை வரை நீர் பருகாமல் இருந்துவிடும் பள்ளிகள் உண்டு. நீரும் கதவும் உள்ள ஒரு கழிப்பறை, பல மாத்திரைகளைவிட நன்மை பயக்கும்.

நம் எடுத்துக்காட்டில் வந்த ஆசிரியைக்கு மூன்றாம் அறிக்கை கிடைத்த நாளிலேயே, 'சீழ் இருக்கிறதே. கிருமி ஏன் வளரவில்லை?' என்று ஒருவர் கேட்டிருந்தால் அவருடைய சிறுநீரகம் பிழைத்திருக்கலாம். அக்கேள்வியைக் கேட்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. தொல்லை திரும்பினால் மருந்தை மட்டும் மாற்றாமல் காரணத்தைத் தேட வேண்டும் என்ற ஒன்றை மனத்திற் கொண்டால் போதும். அதனை நாம் சென்று பழகும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவைப்போமாக.